எங்கள் வீட்டு மட்டக்குதிரை

குதிரை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு மாணிக்கவாசகர் நினைவுக்கு வருவார். பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளை அவர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளானதும், அந்தப் பரிகள் இரவில் மீண்டும் நரிகளானதும் நாம் சிறுவயதிலேயே கேட்ட கதைகள். கடல்வழியே வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஊர் எல்லையில் ஐயனாருக்கு முன்னால் மண்குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. இத்தனை குதிரைகளோடு பழகிய நம்மிடம், "ஒரு குதிரைக்குக் காலையில் என்ன தீனி கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது?" என்று யாராவது கேட்டால், விடை சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மட்டக்குதிரை வந்தது. அது வந்த பிறகும் ஆறு மாதம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் அறியாமையால் அந்த வாயில்லாச் சீவன் சாவின் விளிம்புவரை போய் மீண்டது. அதனால் கற்றுக்கொண்டவற்றை என் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். குதிரை வாங்க எண்ணாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

சந்தையில் பார்த்ததும் பாராததும்

என் தாத்தா ஜட்கா வண்டி ஓட்டிப் பிழைத்தவர். இரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே அவர் வண்டி ஓடியது. ஆட்டோ ரிக்‌ஷாக்கள் பெருகியபின் வண்டியையும் குதிரையையும் விற்றுவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். தாத்தாவின் சாட்டைக் கம்பு மட்டும் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. ஒரு குதிரையை மீண்டும் வீட்டில் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் தந்தையாரின் நெடுநாள் ஆசை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அந்தியூருக்குப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தை, குதிரைகளுக்குப் பெயர் பெற்றது. காதுகளின் நுனி ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகளையும் கத்தியவார்க் குதிரைகளையும் அங்கே காணலாம். உயரமான குதிரைகளின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் மட்டக்குதிரைகள் கட்டியிருந்த பக்கம் ஒதுங்கினோம்.

மட்டக்குதிரை என்றால் குதிரைக் குட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. முழு வளர்ச்சி பெற்றும் உயரம் குறைந்திருக்கும் குதிரையே மட்டக்குதிரை. குதிரையின் உயரத்தைத் தலையிலிருந்து அளப்பதில்லை. கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டிலிருந்து தரைவரை அளப்பார்கள். நான்கு அங்குலம் கொண்டது ஒரு கை. பொதுவாக 14 கை 2 அங்குலத்துக்கு, அதாவது 58 அங்குலத்துக்கு மேற்படாதவை மட்டக்குதிரைகள் எனப்படும். மணிப்பூர், ஸ்பிட்டி, சன்ஸ்கார், பூட்டியா முதலியவை நம் நாட்டு மட்டக்குதிரை இனங்கள். இன்று உலகெங்கும் ஆடப்படும் போலோ ஆட்டத்தை ஆங்கிலேயர் கற்றுக்கொண்டது மணிப்பூரின் சின்னஞ்சிறு குதிரைகள் மேல் ஆடியவர்களிடமிருந்துதான்.

நாங்கள் வாங்கியது செவலை நிறப் பெண்குதிரை. உயரம் 12 கை. சந்தையில் எல்லோரையும் போல நாங்களும் சுழி பார்த்தோம்; நிறம் பார்த்தோம்; பிடரி மயிரின் அடர்த்தியைப் பார்த்தோம். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிக் குளம்பைப் பார்க்கவில்லை. நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கவில்லை. வயதையும் கேட்கவில்லை. "ராணி" என்று பெயர் வைத்து, மாலை போட்டு, வேனில் ஏற்றி அழைத்து வந்தோம்.

பல்லும் வயதும்

தாத்தாவுடன் ஜட்கா ஓட்டிய முதியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். ஊரே அவரை 'ஜட்கா பாய்' என்று அழைக்கும். என் தந்தையார் அவரை மாமா என்று அழைப்பார், எனக்குத் தாத்தா. குதிரை வந்த செய்தி கேட்டு மறுநாளே வந்தார். ராணியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, மெல்ல உதட்டை விலக்கிப் பார்த்தார்.

"பன்னெண்டு, பதிமூணு இருக்கும் மாப்பிள்ளை. நீ குட்டின்னு நினைச்சியா?" என்றார் தந்தையாரிடம்.

தந்தையாருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ வியப்பாக இருந்தது. எப்படிச் சொன்னார்? பின்னர் விலங்கியல் நூல்களைப் புரட்டியபோதுதான் விளங்கியது. குதிரையின் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. முன்வரிசையில் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் மாறும். ஐந்து வயதில் வாய் நிறையும். அதற்கு மேல் பல்லின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். மேல்வரிசை ஓரப்பல்லில் ஏறத்தாழப் பத்து வயதில் ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு தோன்றும். அது பதினைந்தில் பாதிப் பல்வரையும், இருபதில் பல்லின் அடிவரையும் இறங்கும். பாய் தாத்தா பார்த்தது அந்தக் கோட்டைத்தான். ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் ஆகலாமே தவிர, இந்தக் கணக்கு பெரிதும் பொய்க்காது.

பதின்மூன்று வயது என்பது முதுமையன்று. நன்கு பேணினால் மட்டக்குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்கூட வாழும். ஆனால் ஒன்றை உணர வேண்டும். குதிரை வாங்குகிறவன் பத்துப் பதினைந்து ஆண்டுப் பொறுப்பை வாங்குகிறான். விலையைவிடத் தீனிச் செலவு பெரிது. அதைவிட நாள்தோறும் தர வேண்டிய நேரம் பெரிது.

மாடன்று குதிரை

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. "மாட்டைப் பார்ப்பதுபோல் குதிரையையும் பார்த்துக்கொண்டால் போகிறது" என்று நினைத்தோம். எங்கள் தவறுகளுக்கெல்லாம் தாய்த்தவறு அதுதான்.

இரண்டும் புல் தின்பவைதாம். ஆனால் வயிற்றின் அமைப்பு வேறு. மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை. அதன் முதல் அறையாகிய பெருவயிறு மட்டுமே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மாடு விரைந்து தின்று, பின்பு படுத்து அசைபோடும். குதிரைக்கு ஒரே இரைப்பைதான். அதுவும் சிறியது, பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். குதிரை அசைபோடுவதில்லை. புல்லின் நார்ச்சத்து செரிப்பது இரைப்பையில் அன்று. அதற்குப் பின்னால் உள்ள பெருங்குடல் பகுதியில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களின் துணையால் செரிக்கிறது. எனவேதான் இயற்கையில் குதிரை நாளில் பதினாறு மணிநேரம் வரை சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கிறது. சிறு இரைப்பை, இடைவிடாத மேய்ச்சல் என்பதே அதன் அமைப்பு.

இன்னொன்றும் உண்டு. மனிதனுக்கும் நாய்க்கும் உணவு ஒவ்வாவிட்டால் வாந்தி வரும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்திலுள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது போனதுதான். ஆகவே குதிரையின் வாய்க்குள் எது போகிறது என்பதில் அதன் உயிரே அடங்கியிருக்கிறது.

மாட்டுப் பொங்கல்

2024ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசினோம். ராணிக்குக் கொம்பில்லை; ஆகவே நெற்றியில் பெரிய பொட்டு வைத்துக் கழுத்தில் சலங்கை கட்டினோம். அப்பத்தா மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டியபோது ராணி கனைத்தாள். "பாவம், இதுவும் கேக்குது பாரு" என்று ஒரு தட்டு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். தெருவிலுள்ளோர் ஒவ்வொருவராக வந்தனர். ஒருவர் வாழைப்பழச் சீப்பைக் கொடுத்தார். ஒருவர் வெல்லம் கொடுத்தார். சிறுவர்கள் கரும்பு கொடுத்தனர். பக்கத்து வீட்டு அத்தை வெண்பொங்கலை வாளியோடு கொண்டு வந்தார். ராணி எதையும் மறுக்கவில்லை. நாங்கள் அதைப் பார்த்து மகிழ்ந்து நின்றோம்.

இரவு பத்து மணிக்குக் கொட்டகையில் ஏதோ உதைக்கும் ஓசை கேட்டது. ராணி முன்னங்காலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைப் பார்த்தாள். படுத்தாள், புரண்டாள், எழுந்தாள். மார்கழி, தை மாதக் குளிரிலும் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. மாலையிலிருந்து லத்தி போடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

கூடியவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் மூங்கில் குழாயில் விளக்கெண்ணெய் ஊற்றிப் புகட்டத் தயாரானார். அந்த நேரத்தில் பாய் தாத்தா வந்து சேர்ந்தார். அவர் குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

"நுரையீரல்ல போச்சுன்னா நாளைக்கே செத்துரும். டாக்டருக்குப் போன் போடு தம்பி. தீனியெல்லாம் எடுத்து வெளிய வை. ஒரு வாய்கூடக் குடுக்காதே!"

அப்பத்தா அழுதுகொண்டே, "ஏனுங்க அண்ணா, ஒரு வாந்தி எடுத்தாத் தேவலையாயிடாதா?" என்று கேட்டார். "குதிரைக்கு வாந்தி வராது தங்கச்சி" என்றார் அவர். எந்த நூலையும் படிக்காத அவருக்கு அது தெரிந்திருந்தது. பட்டப்படிப்பில் விலங்கியல் படிக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்று நான் தலைகுனிந்து நின்றேன்.

கால்நடை மருத்துவர் நள்ளிரவுக்குள் வந்துவிட்டார். நாடியைப் பார்த்தார். ஓய்விலிருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய நாடித்துடிப்பு ராணிக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. வலிநீக்கும் ஊசி போட்டார். மூக்கின் வழியே நீண்ட குழாயை இரைப்பைவரை செலுத்தி உள்ளிருந்த வாயுவையும் நீரையும் வெளியேற்றினார். அதே குழாய் வழியே திரவப் பாரஃபின் செலுத்தினார். குழாய் இரைப்பைக்குள் சென்றதை உறுதிசெய்த பின்பே மருந்தை ஊற்றினார் என்பதைக் கவனித்தேன். விடியற்காலை நான்கரை மணிக்கு ராணி லத்தி போட்டாள். எங்கள் வீட்டில் அன்று ஒரு குழந்தை பிறந்தது போன்ற மகிழ்ச்சி!

வயிற்றிலிருந்து குளம்புக்கு

அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. "வயிறு சரியாகிவிட்டது, இனிக் குளம்பைக் கவனியுங்கள்" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். வயிற்றுக்கும் குளம்புக்கும் என்ன தொடர்பு? மறுநாள் மாலை தெரிந்தது. ராணி முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடல் எடையையெல்லாம் பின்னங்கால்களில் சாய்த்து நின்றாள். ஓரடி எடுத்துவைக்க மறுத்தாள். முன்குளம்புகளைத் தொட்டால் சுட்டன.

இதன் காரணத்தை மருத்துவர் விளக்கினார். பொங்கலிலும் வெல்லத்திலும் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் அளவுக்கு மீறினால் சிறுகுடலில் முழுதும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்விடுகின்றன. அங்கே அவை வேகமாகப் புளித்து அமிலமாகின்றன. நார்ச்சத்தைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அமிலத்தில் மடிகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் நச்சுகள் குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கின்றன. அதன் விளைவு குளம்பில் தெரிகிறது. குளம்பின் உள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. அதைக் குளம்பின் சுவரோடு பிணைத்திருப்பவை புத்தக ஏடுகள் போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள். அந்த மடிப்புகள் வீங்கி வலுவிழந்தால், குதிரையின் எடை தாங்காமல் எலும்பே இடம் பெயர்ந்து கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். முற்றினால் அது உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. அதற்குப் பிறகு அந்தக் குதிரையைக் காப்பாற்றுவது அரிது. மட்டக்குதிரைகளே இந்நோய்க்கு மிகுதியாக ஆளாகின்றன. வறண்ட மேய்ச்சலில் குறைந்த உணவைக் கொண்டு பிழைக்கப் பழகிய உடம்பு அவற்றினுடையது. மிகுதியை அதனால் தாங்க முடிவதில்லை.

ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டிகளை வாங்கி வந்து, வாளிகளில் நீரோடு நிரப்பி, ராணியின் முன்கால்களை இரண்டு நாள் அதில் வைத்திருந்தோம். நானும் தம்பியும் முறைவைத்து இரவெல்லாம் கண்விழித்தோம். பின்பு தரையில் அரையடி உயரத்துக்கு மணல் பரப்பி அதில் நிற்கவைத்தோம். மருத்துவர் சொன்ன மருந்துகளைத் தவறாது கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து அவள் இயல்பாக நடந்தாள். எலும்பு இடம்பெயரவில்லை. தொடக்கத்திலேயே கவனித்ததால் தப்பினாள் என்றார் மருத்துவர்.

எதை, எவ்வளவு, எப்போது?

அதன்பின் மருத்துவரிடமும் பாய் தாத்தாவிடமும் கேட்டு, ராணிக்கான உணவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதினேன். முதலில் எடை தெரிய வேண்டும். எடை மேடை இல்லாவிட்டாலும் அளவு நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சுற்றளவைச் சென்டிமீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, பின்பு தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். ராணியின் மார்புச் சுற்றளவு 138, நீளம் 125. கணக்கிட்டால் 200 கிலோ வருகிறது.

நாளொன்றுக்கு எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர் தீவனம் தேவை. அதாவது ராணிக்கு 3 முதல் 4 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அதை நான்கில் ஒரு பங்காகவே கணக்கிட வேண்டும். பத்துக் கிலோ பசும்புல்லும் ஒன்றரைக் கிலோ உலர்ந்த புல்லும் அவளுக்குப் போதும். இதை ஒரே வேளையில் கொட்டாமல் நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். இரவுக்குப் பெரும்பங்கு உலர்ந்த புல்லை வைக்கிறோம்.

"கொள்ளு என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும்" என்பது பழமொழி. குதிரைக்குக் கொள்ளு கொடுப்பது நம் நாட்டு மரபு. ஆனால் கொள்ளு உழைக்கும் குதிரைக்குரியது. நாளெல்லாம் வண்டி இழுத்த குதிரைக்குத் தாத்தா காலத்தில் கொடுத்த அளவை, கொட்டகையில் சும்மா நிற்கும் குதிரைக்குக் கொடுத்தால் நோய்தான் வரும். கொடுப்பதானால் ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்க வேண்டும். ராணிக்கு வேலையுள்ள நாளில் மட்டும் அரைக்கிலோ. எந்தப் புதுத் தீவனமானாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பூசணம் பிடித்த கடலைக்கொடியும் சோளத்தட்டும் ஆகா. அரளியும் ஆமணக்கு விதையும் குதிரைக்குக் கொடிய நஞ்சு. கொட்டகை அருகே அவை இருத்தலாகாது.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மட்டக்குதிரையே நாளில் 15, 20 லிட்டர் குடிக்கும். கோடையில் இன்னும் மிகும். தண்ணீர் குறைந்தால் குடலில் லத்தி இறுகும். கல்லுப்புக் கட்டி ஒன்றைத் தொட்டியருகே வைத்தால் வேண்டியபோது நக்கிக்கொள்ளும்.

குளம்பே குதிரை

குதிரையின் குளம்பு நம் நகம்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை சீவ வேண்டும். தார்ச்சாலையில் நாளும் ஓடும் குதிரைக்கு லாடம் இன்றியமையாதது. மண்தரையில் நடக்கும் குதிரைக்குச் சீவிவிட்டாலே போதும். லாட ஆணி, உணர்ச்சியற்ற வெளிச்சுவரில் மட்டுமே இறங்க வேண்டும். ஒரு நூல் உள்ளே போனாலும் குதிரை நொண்டியாகும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் எல்லோரும் குதிரைக்கு அடித்துவிட முடியாது. மாட்டின் குளம்பு பிளவுபட்டது. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. குதிரை லாடம் அறிந்தவர்கள் இன்று அரிதாகி வருகிறார்கள். வாங்குவதற்கு முன்பே அப்படி ஒருவர் அருகில் இருக்கிறாரா என்று கேட்டறிவது நல்லது.

நாள்தோறும் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, உள்ளே சிக்கிய கல்லையும் சாணத்தையும் மழுங்கிய கொக்கியால் எடுத்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. உள்ளங்குளம்பின் நடுவிலுள்ள முக்கோணப் பகுதியில் கருமையும் துர்நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரமான கொட்டகையே அதற்குக் காரணம்.

இருப்பிடம், துணை, நோய்க்காப்பு

மட்டக்குதிரைக்குப் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். காற்றோட்டமும் உலர்ந்த தரையும் வேண்டும். குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குச் சிறிது நேரமாவது படுத்தே ஆக வேண்டும். படுக்க இடமில்லாமல் குட்டைக் கயிற்றில் கட்டுவது கொடுமை. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனிமை அதை வாட்டும். எங்கள் ராணிக்கு ஒரு வெள்ளாட்டைத் துணையாகக் கட்டியபின் இரவில் கனைப்பது நின்றது.

குதிரைக்கு இரணஜன்னி என்னும் டெட்டனஸ் எளிதில் வரும். துருப்பிடித்த ஆணி தந்த சிறு காயம் போதும், உயிரைக் குடிக்க. தடுப்பூசி தவறக்கூடாது. மாட்டு ஈ போன்ற கடிக்கும் ஈக்களால் பரவும் 'சர்ரா' என்ற நோய் நம் நாட்டில் உண்டு. விட்டு விட்டுக் காய்ச்சல், இரத்தச்சோகை, வயிற்றடி வீக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். கிளாண்டர்ஸ் என்னும் நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. அதற்குத் தடுப்பூசி இல்லை. நோயுற்ற விலங்கைப் பற்றி அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். எனவேதான் வாங்கும்போதே இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்க வேண்டும். ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்நோய்களைப் பற்றி ஆய்வு செய்து வருகிறது.

ஆண்டுக்கொருமுறை பல்லையும் சோதிக்க வேண்டும். தேயத் தேய முளைத்துவரும் கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மருத்துவர் அரத்தால் ராவிச் சரிசெய்வார். லத்தியைப் பார்ப்பதும் நாள்வேலைதான். நலமான குதிரை நாளில் 8 முதல் 12 முறை லத்தி போடும். அது குறைந்தால் விழித்துக்கொள்ள வேண்டும்.

பழகுதலும் சவாரியும்

குதிரையின் கண்கள் தலையின் இருபக்கமும் உள்ளன. ஏறத்தாழச் சுற்றுமுற்றும் அது காணும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குப் பார்வை இல்லை. பின்னால் ஓசையின்றிச் சென்றால் பகை என்றெண்ணி உதைக்கும். பேசிக்கொண்டே இடத்தோள் பக்கமாக நெருங்க வேண்டும். காதுகள் முன்னோக்கி இருந்தால் ஆர்வம். பின்னோக்கி ஒட்டியிருந்தால் சினம்.

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமப்பது தகாது. ராணிக்கு அது சேணத்தோடு சேர்த்து 40 கிலோ. என் கல்லூரி நண்பர்கள் பலர், "ஒரு ரவுண்டு ஏறிப் பார்க்கிறோமே!" என்று வந்தார்கள். எல்லோரையும் பணிவுடன் மறுத்துவிட்டேன். நானும் அவள்மேல் ஏறியதில்லை. அத்தை மகள் எட்டு வயதுச் சிறுமி மட்டுமே அவளுடைய சவாரிக்காரி.

முடிவுரை

ராணி குணமடைந்துகொண்டிருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பைப் படித்தேன். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த அந்த வெனிஸ் நகரத்தார், கடல் கடந்து இங்கு வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் சொல்கிறார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கில்லை என்பதும், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்கு உணவாகக் கொடுத்தார்கள் என்பதும் அவர் கூறும் காரணங்கள். பயணி எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் பொங்கல் தட்டுதான் கண்முன் நின்றது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே தவறு! பகையால் செய்ததன்று, விருந்தோம்பும் அன்பால் செய்தது. தான் உண்பதில் நல்லதை விலங்குக்கும் கொடுப்பதே அன்பு என்று நாம் எண்ணுகிறோம். அதற்கு எது நல்லது என்று கேட்டறிந்து கொடுப்பதல்லவா அன்பு?

2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் ஏறத்தாழ 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. குதிரை குறையும்போது குதிரையை அறிந்தவர்களும் குறைகிறார்கள். என் தாத்தாவுக்குத் தெரிந்தவை என் தந்தையாருக்கு வந்து சேரவில்லை. ஒரு தலைமுறைக்குள் அறுந்துவிட்டது. பாய் தாத்தாவுக்கு இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டது. ஞாயிறுதோறும் அவரிடம் சென்று அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறேன். எழுதியதை மருத்துவரிடம் காட்டி, சரியானதை வைத்துக்கொண்டு பிழையானதை அடித்துவிடுகிறேன்.

இந்த ஆண்டு மாட்டுப் பொங்கலுக்கும் தெருவார் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். அப்பத்தா வாசலிலேயே நின்று தடுத்துவிட்டார். "அவளுக்குப் பொங்கல் ஆகாதுங்க. வேணும்னா ஒரு பிடி அருகம்புல் குடுங்க" என்றார். சிறுவர்கள் வயலுக்கு ஓடி, ஆளுக்கொரு பிடி அருகம்புல் பறித்து வந்தார்கள். ராணி அவர்கள் கையிலிருந்து ஒவ்வொரு பிடியாக வாங்கி நிதானமாக மென்று தின்றாள்.